சிற்றில் சிதைக்கும் வயது

சென்னை–அரக்கோணம் மின்ரயில் நிற்கும் ஊர் மணவூர். அப்பாவும் அம்மாவும் காலை வண்டியைப் பிடித்து வேலைக்குப் போகிற வீட்டில், ஒன்றரை வயதுப் பிள்ளை ஆயாவிடம் இருக்கும். டப்பாவிலிருக்கும் துணிக்கிளிப்புகளைக் கொட்டும், ஒவ்வொன்றாய் உள்ளே போடும், மறுபடி கொட்டும். பார்ப்பவர்களுக்குத்தான் சலிப்பு. பிள்ளைக்கு ஒரு தடவை போல மறுதடவை இருப்பதில்லை. தரையில் கொட்டினால் ஒரு சத்தம், பாயில் கொட்டினால் வேறு சத்தம். மூடியைக் கவிழ்த்து வைத்தால் மூடாது. உள்ளே போனது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கேயேதான் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியாது; கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வயதைத் தமிழ்ப் புலவர்கள் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்களுக்கு மாதக் கணக்கு உண்டு. ஒரு கணக்கின்படி செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பது, சிற்றில் பதினேழு, சிறுபறை பத்தொன்பது, சிறுதேர் இருபத்தொன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில் பாட்டுடைத் தலைவன் மணல்வீடு கட்டுவதில்லை. சிறுமியர் கட்டுகிறார்கள், அவன் காலால் அழிக்கிறான், அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பதினேழாம் மாதத்துக்கு இது கச்சிதமான பொருத்தம். இரண்டு கட்டையை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தவே திணறும் கைக்கு, அடுக்கியதைத் தள்ளிவிடுவது எளிது. கட்டுவதற்கு முன் கலைப்பது வருகிறது. அடுக்கிய பாத்திரங்களை இடித்துத் தள்ளும் பிள்ளையை முரடு என்று சொல்வது நியாயமில்லை. எதைத் தொட்டால் எது விழும் என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

சிறுதேர் இன்னும் பழையது. பட்டினப்பாலையில், குதிரை பூட்டாமல் பிள்ளைகள் உருட்டும் மூன்று கால் சிறுதேர் வருகிறது. நம் வீட்டு மர நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தான். அதில் பிள்ளை உட்காருவதில்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறது. வேகமாகத் தள்ளினால் வண்டி முந்திக்கொள்ளும். மெதுவாகத் தள்ளினால் நிற்கும். எவ்வளவு தள்ளுவது என்ற முடிவு பிள்ளையுடையது. நடுவில் துணி இருக்கை தொங்கும் வட்ட வாக்கரில் அந்த முடிவுக்கு வேலையே இல்லை. விபத்துகளைப் பார்த்துவிட்டு 2004-இல் கனடா வாக்கர் விற்பனையைத் தடைசெய்தது.

நடை பழகும் பிள்ளை எவ்வளவு உழைக்கிறது என்பதை 2012-இல் அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் எண்ணிப் பார்த்தார்கள். 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம் போக்கில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்தன, 17 முறை விழுந்தன. அந்த நடையில் பெரும்பகுதிக்குப் போகுமிடம் என்று ஒன்று இல்லை. திருத்தணி மலைப்படிகளில் இதைக் காணலாம். வருஷத்து நாட்களுக்கு ஒன்றாக 365 படி என்பார்கள். பெரியவர்களுக்கு மேலே முருகன் காத்திருக்கிறார்; பிள்ளைக்கோ மூன்றாம் படியே போதும். கையும் காலும் ஊன்றி ஏறும், பின்பக்கமாக இறங்கும், அதே படியில் மறுபடி ஏறும். இடுப்பில் தூக்கிக்கொண்டு போனால் அழுகிறதே, ஏன்? தூக்கியது நமக்கு உதவி, அதற்குக் குறுக்கீடு.

பிள்ளையின் இந்த உழைப்பைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியும் கவனித்தார். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை வந்த அவருக்கு, உலகப்போரால் இங்கேயே தங்க நேர்ந்தது. சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றி அவர் விரிவாகப் பேசும் நூல் 1949-இல் அடையாறில்தான் அச்சானது. ஒன்றரை வயதுப் பிள்ளை தன் சக்திக்கு மீறிய கனத்தைத் தூக்கத் துடிக்கும் என்று அதில் சுட்டுகிறார். தண்ணீர்ச் சொம்பை இரு கையாலும் அணைத்துத் தள்ளாடி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆக, தனியே விளையாடுவது என்றால் பிள்ளையைத் தனியே விட்டுவிடுவதல்ல. ஆயாவின் வேலை முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்: பக்கெட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது, காசும் பட்டன் பேட்டரியும் புளியங்கொட்டையும் கைக்கெட்டக் கூடாது. கிண்ணம், கரண்டி, மூடிகள், ஒரு கூடை இருந்தால் போதும். பிறகு கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்காரலாம். கடினம் அதற்குப் பிறகுதான். மூடி மாட்டிக்கொண்டு பிள்ளை முனகும்போது நம் கை தானாக நீளும். முனகல் அழுகையாகும் வரை சற்றுப் பொறுத்தால், பல நேரம் மூடி கழன்றுவிடும். கழன்றதும் கைதட்டிக் கொண்டாட வேண்டியதில்லை. கவனம் டப்பாவிலிருந்து நம் முகத்துக்குத் தாவிவிடும். அதுவாக நிமிர்ந்து பார்த்தால் மட்டும் பார்த்துச் சிரித்தால் போதும்.