சாவியைக் கேட்பது பாவமா?



பெற்றோரைச் சங்கிக்க வேண்டுமென்பது சர்வேசுரனின் 4-ம் கற்பனை. கொலை செய்யலாகாது என்பது 5-ம் கற்பனை. நினைவு மங்கிவரும் தகப்பனாரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்க வேண்டிய நாளில், இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் மோதுகின்றனவா?

நம் சாலைகளை எண்ணிப் பாருங்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடுகின்றன. பெரம்பலூர்ப் பக்கமோ திருச்சி–சென்னை நெடுஞ்சாலை. பழகிய வழியிலேயே திகைத்து நிற்கிறவர், எதிரே வரும் வண்டியின் தூரத்தைக் கணிக்கத் தவறுகிறவர் அங்கே மொபெட்டில் போனால் அவருக்கும் ஆபத்து. எதிரே வரும் பள்ளிப்பிள்ளைக்கும் ஆபத்து.

கண்ணாடியை வைத்த இடம் மறப்பது முதுமையின் இயல்பு. மூளை நோயினால் வரும் மறதியோ, தன் குறையைத் தானே காணும் திறனையும் பலரிடத்தில் எடுத்துவிடுகிறது. ஆகவே, “நன்றாகத்தானே ஓட்டுகிறேன்” என்று அவர் சொல்வது பொய்யுமல்ல, வீம்புமல்ல.

ஞானோபதேசத்தை நினைவுகூருங்கள். சாவான பாவத்துக்குக் கனமான காரியம், பூரண அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும். அறிவு குன்றியவரிடம் குற்றம் குறைகிறது, ஆபத்தோ குறைவதில்லை. அதைக் கண்டும் வாய் திறவாத மகனிடம் அறிவு பூரணமாயிருக்கிறது. பொறுப்பு அவனைச் சேருகிறது. சட்டத்தின்மேல் பாரத்தைப் போடவும் இயலாது. 55 வயதைத் தாண்டியவரின் உரிமம், மருத்துவச் சான்றுடன் 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நோய் 5 ஆண்டு காத்திருக்காது. அன்றாடம் பார்க்கிறவர்கள் வீட்டார்தாம்.

சங்கிப்பதென்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதல்ல. வளர்ந்த பிள்ளைக்குக் கீழ்ப்படியும் கடமை முடிகிறது. மரியாதைக் கடமை முடிவதேயில்லை. தகப்பனின் அறிவு தளர்ந்தாலும் அவரிடம் பொறுமை காக்க வேண்டுமென்று சீராக்கின் ஞானநூல் 3-ம் அதிகாரம் போதிக்கிறது. ஆகையால் சாவியை வாங்கும் விதத்தில்தான் 4-ம் கற்பனை நிற்கிறது.

சாவியை ஒளித்துவிட்டு, “வண்டி ரிப்பேர்” என்று பொய் சொல்லலாகாது. பேரப்பிள்ளைகள் முன் அதட்டலாகாது. முதலில் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். ஓட்டலாகாது என்று அவர் சொன்னால், தகப்பனாருக்குத் தனிமையில் எடுத்துச் சொல்லுங்கள். மறந்து மறுபடி கேட்டால், மறுபடி சொல்லுங்கள். இணங்காவிட்டால் வண்டியை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துவதே நீதி. அவருடைய மனவருத்தம் பெரிது. ஓர் உயிர் அதனிலும் பெரிது. ஆனால் வண்டி அவருக்குத் தந்ததை இனி நீங்கள் தர வேண்டும்: ஞாயிறு பூசை, டீக்கடை, வயல், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில். சாவியை வாங்கிக்கொண்டு அவரைத் திண்ணையில் விட்டுவிடுகிறவன் பாதிக் கடமையே செய்தவன்.

முதியோருக்கும் ஒரு வார்த்தை. 16-ம் பெனடிக்ட் பாப்பரசர் 2013-ல், தம் 85-ம் வயதில், உடல்பலமும் மனபலமும் குறைந்ததைத் தாமே அறிவித்துப் பதவி துறந்தார். இராயப்பரின் திறவுகோலையே ஒப்படைத்தவரின் மாண்பு அதனால் குறைந்ததா? இல்லையே. ஆகவே புத்தி தெளிவாயிருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்: “நான் தடுமாறும் நாளில் சாவியைக் கேள். அன்று நான் கோபித்தாலும், இன்று சொன்னதையே என் சொல்லாக எடுத்துக்கொள்.”