அந்த நாற்றத்துக்குள் நுழைந்து பார்!

கேரித் தீவுப் பக்கம் செம்பனை ஆலையைக் கடக்கும்போது என்ன செய்கிறாய், தம்பி? கார் கண்ணாடியை ஏற்றுகிறாய். மூக்கைப் பொத்திக்கொள்கிறாய். "சே, என்ன நாத்தம்!" என்கிறாய். அத்தோடு உன் வேலை முடிந்தது. அதே நாற்றத்தை வைத்து உலகம் வாசித்த ஆராய்ச்சியை ஒரு கூட்டம் எழுதி முடித்துவிட்டது. உனக்குத் தெரியுமா?

ஒரு டன் செம்பனைக் குலை ஆலைக்குள் போனால் சுமார் 200 கிலோ எண்ணெய் வரும். 220 கிலோ போல வெறுங்குலை மிஞ்சும். நீராவியும் கழுவுநீரும் சேர்ந்து அறுநூறு, எழுநூறு கிலோ பழுப்புக் கழிவுநீர் ஓடும். அதுதான் குளத்தில் தேங்கிப் புளித்து ஊரை நாறடிக்கிறது. பாங்கியில் இருக்கும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விஞ்ஞானி ரவிகாதேவி சம்பந்தமூர்த்தியும் அவருடைய குழுவினரும் அந்த நீரைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். நீரில் கரையும் பீனாலிக் சேர்மங்களை அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 2011-ல் பிரிட்டனின் ஊட்டச்சத்து ஆய்விதழ் அதை வெளியிட்டது. ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. அந்தப் பெயரை இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்.

அவர்கள் அங்கேயும் நிற்கவில்லை. 2013-ல் ஓரியன் ஜெனோமிக்ஸ் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தோடு கைகோத்து, செம்பனையின் மரபணுத் தொகுப்பை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கொட்டையின் ஓடு தடிமனா மெல்லிசா என்று தீர்மானிக்கும் மரபணுவையும் பிடித்தார்கள். ஓட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாயா? தடித்த ஓட்டு டூராவைவிட மெல்லிய ஓட்டு டெனெராவில் ஏறக்குறைய 30 சதவீதம் எண்ணெய் கூடுதல். முன்பெல்லாம் கன்றை நட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, காய்த்த பிறகுதான் எது என்ன ரகம் என்று தெரியும். இன்று நாற்றங்காலிலேயே ஒரு துண்டு இலையில் தெரிந்துவிடுகிறது.

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஆலைகளின் சட்டைப்பையிலிருந்துதான். உற்பத்தியாகும் ஒவ்வொரு டன் எண்ணெய்க்கும் தொழில்துறை ஒரு தீர்வை கட்டுகிறது. அது ஆராய்ச்சிக்குப் போகிறது. 1979-ல் தொடங்கிய செம்பனை ஆராய்ச்சிக் கழகமும், அது 2000-ல் உருமாறி வந்த இன்றைய வாரியமும் இப்படித்தான் வளர்ந்தன. கண்டுபிடித்ததை அலமாரியில் பூட்டிவைக்காமல், தொழில் தொடங்க விரும்புகிறவர்களுக்குக் கைமாற்றிக் கொடுப்பதற்கென்றே அங்கே கருத்தரங்கு நடத்துகிறார்கள். அந்த மண்டபத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? நடிகர் வந்தால் புக்கிட் ஜாலில் அரங்கம் நிரம்பத் தெரிகிற நமக்கு, பாங்கிக்குப் போக மட்டும் வழி தெரியாதா?

கோபம் வருகிறதா? வரட்டும். அதற்குத்தான் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு நீ அந்நியன் இல்லை, தங்கச்சி. மலாயாவில் வாணிப நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-ல், இதே சிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில். நட்ட துரை பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே. பின்னாளில் மலாயாவை வைத்து நாவல் எழுதி 1930-ல் பிரான்சின் கொன்கூர் பரிசும் வாங்கினார். துரைக்குப் பரிசு கிடைத்தது. குழி வெட்டியவனுக்கு லயத்து வீடு கிடைத்தது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்று கேள். 1981 வரை இங்கே செம்பனைக்கு மகரந்தம் சேர்த்தது மனிதக் கைகள். பவுடரைப் பையில் எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பூவில் தூவ வேண்டும். தோட்டத்துப் பெண்கள் செய்த வேலை அது. உன் பாட்டியைக் கேட்டால் சொல்வார். லெஸ்லி டேவிட்சன் என்ற யுனிலீவர் தோட்ட அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது: கேமரூனில் யாரும் தூவாமலே காய் பிடிக்கிறதே, எப்படி? அவர் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சயீதைக் கூப்பிட்டார். ஒரு சின்ன வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று சயீத் நிரூபித்தார். 1981 பிப்ரவரியில் ஜோகூர் குளுவாங் பக்கம் மாமோர் தோட்டத்தில் அந்த வண்டைப் பறக்கவிட்டார்கள். சில வருடங்களில் கையால் தூவும் வேலையே நாட்டில் இல்லாமல் போனது.

தொழிலில் இருந்தவர் கேள்வி கேட்டார், அறிவியலாளர் விடை சொன்னார். பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் சேர்வது என்று மேடையில் பேசுகிறார்களே, அதன் உயிர் இவ்வளவுதான். அந்தப் பூவை அதிகாரியைவிட அதிகமாகப் பார்த்தவர் நம் பாட்டி. அவருக்கும் சந்தேகங்கள் இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்க முடியாது, கேட்டாலும் யாரும் காது கொடுக்கப்போவதில்லை. நீ கேட்கலாம். உன் கையில் எஸ்.பி.எம். சான்றிதழ் இருக்கிறது, டிப்ளோமா இருக்கிறது, பட்டம் இருக்கிறது. கேள்வி மட்டும்தான் இன்னும் இல்லை.

நம்மவர்கள் இதைச் செய்யாதவர்கள் என்று யாராவது சொன்னால் அழகப்பச் செட்டியார் பெயரைச் சொல். மலாயாவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த அந்தக் காரைக்குடிக்காரர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து லட்சம் ரூபாயை எடுத்து நீட்ட, 1944-ல் கிண்டியில் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. வேதிப்பொறியியலும் நெசவும் தோலும் அங்கே பாடமாயின. அடுத்து காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் கொடுத்தார். அந்தப் பணத்தில் ஒரு துளியாவது இந்த மண்ணில் விடியற்காலையில் சீவிய பாலிலிருந்து போயிருக்கும். இங்கே வடிந்த வியர்வை அங்கே வேதியியல் படித்துக்கொடுத்தது. இங்கே நாம் என்ன படித்தோம்?

பம்பாயைப் பார். 1933-ல் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு வேதித் தொழில்நுட்பத் துறை தொடங்கினார்கள். அந்த ஊர் நெசவாலைகளுக்குச் சாயம் போடத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. அங்கே எம்.எம். சர்மா போன்ற பேராசிரியர்கள் ஆலைகளுக்கு ஆலோசகர்களாகவும் இருந்தார்கள். ஆலையில் நேற்று அடைத்துக்கொண்ட குழாய் இன்று வகுப்பறைக்கு வந்துவிடும். குண்டூர்ப் பக்கத்து மஞ்சள் விவசாயியின் மகன் அஞ்சி ரெட்டி அங்கே படித்தவர்தான். 1984-ல் டாக்டர் ரெட்டீஸ் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கேயே படித்து அங்கேயே பாடமும் எடுத்த கேக்கி கார்டா பூச்சிமருந்து நிறுவனம் கட்டினார். மஞ்சள் காட்டிலிருந்து கிளம்பியவர் அவ்வளவு தூரம் போனால், செம்பனைக் காட்டிலிருந்து கிளம்பியவன் எங்கே போக வேண்டும்?

"அது பம்பாய், சார். இங்கே நமக்கு யார் கொடுப்பான்?"

இந்த வாக்கியம்தான் நம்மைத் தின்கிறது. ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காத வலி எனக்குத் தெரியும். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்; அதற்காக வாதாட வேண்டியவர்கள் வாதாடட்டும். ஆனால் மூலக்கூறு உன் ஐ.சி.யைப் பார்ப்பதில்லை. கொழுப்பை 250 டிகிரியில், உயர் அழுத்த நீராவியில் உடைத்தால் கொழுப்பு அமிலமும் கிளிசரினும் யார் கையில் இருந்தாலும் பிரிந்து வரும். கிளிசரின் பத்தில் ஒரு பங்கு. தெலுக் பங்ளிமா காராங்கில் எமரி ஒலியோகெமிக்கல்ஸ் பார்க்கிற வேலை அந்த வகைதான். புலாவ் இண்டாவில் கே.எல்.கே.யின் ஒலியோமாஸ் பார்க்கிற வேலையும் அந்த வகைதான். நீ காலையில் பல் துலக்கும் நுரையிலும் தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவிலும் செம்பனைக் கொட்டை எண்ணெய் இருக்கலாம். அது கப்பல் ஏறும் துறைமுகம் உன் வீட்டு வாசலில் இருக்கிறது.

அந்தத் துறைமுகத்தையும் பேசிவிடுவோம். வெஸ்ட்போர்ட்ஸை எழுப்பிய ஞானலிங்கம், புகையிலை நிறுவனத்தில் சந்தைப்படுத்துதல் பார்த்துக்கொண்டிருந்தவர். சதுப்பு நிலத் தீவில் துறைமுகமா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர் காலமான 2023-லேயே அந்தத் துறைமுகம் ஒரே ஆண்டில் இருபதடிப் பெட்டிக் கணக்கில் ஒரு கோடிக்கு மேல் ஏற்றி இறக்கியது. அங்கே கிரேன் ஓட்டுகிறவர்களில் நம்மவர்கள் உண்டு, லோரி ஓட்டுகிறவர்களும் உண்டு. மதிப்பான வேலை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் சரக்கை யார் தயாரிப்பது?

பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கோப்பை மாற்றிக்கொண்டு, படம் எடுத்துக்கொள்வது ஒத்துழைப்பு ஆகாது. அந்தப் படத்துக்குப் பிறகு எந்த மாணவராவது ஒழுகும் பம்பைப் பார்த்தாரா? இரண்டு ஆண்டு வளாகத்தில், இரண்டு ஆண்டு தொழிற்சாலையில் என்று உயர்கல்வி அமைச்சு கொண்டுவந்த பட்டப்படிப்பு முறை நல்ல முறை. ஆனால் தொழிற்சாலைக்குப் போன பிள்ளையை ஃபோட்டோஸ்டேட் எடுக்கவும் கோப்பு அடுக்கவும் வைத்தால், அந்த இரண்டு ஆண்டும் பாழ்.

தம்பி, நீயும் சும்மா இருக்காதே. பயிற்சிக்குப் போன இடத்தில் மேலாளர் அறை வாசலில் நிற்காதே. ஷிப்ட் ஆப்பரேட்டர் பக்கத்தில் போய் நில். எந்தத் தொட்டி நுரைத்து வழிகிறது, எந்த வடிகட்டி அடிக்கடி அடைக்கிறது, எதை வெளியேற்ற கம்பெனி காசு கொடுக்கிறது என்று கேள். சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெயை வெளுக்கப் போட்ட களிமண்ணைப் பார். கழிவென்று கொட்டப்படும் அந்த மண்ணில் 20 முதல் 30 சதவீதம் வரை எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். குவித்துப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். அதிலிருந்து எண்ணெயை மீட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நீ ஏன் இல்லை? 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துத் தொழிற்கூடக் கழிவு ஆற்றில் கலந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றதே. வாளி தூக்கியபடி நாம் யாரையோ திட்டினோம். கரைப்பான் கழிவைச் சின்னத் தொழிற்கூடங்களிலிருந்து ஒழுங்காகச் சேகரிக்கும் தொழில் ஒன்று வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

முதல் இல்லை என்பாய். தெக்குனில் இந்தியர்களுக்கென்றே ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. புதுத் தொழில்களுக்கு உதவ 2003 முதல் கிரேடில் நிறுவனம் இருக்கிறது. கேட்டுப் பார்த்து அவர்கள் இல்லை என்று சொல்லட்டும். நீயே உனக்கு இல்லை என்று சொல்லிக்கொள்ளாதே. சின்னதாகத் தொடங்கு. சோப்பு செய், பாத்திரம் கழுவும் திரவம் செய். முகத்துக்குப் பூசும் பொருள் என்றால் தேசிய மருந்து ஒழுங்குமுறை அலுவலகத்தில் பதிந்துவிட்டு விற்பனைக்கு இறங்கு. பாதரசம் கலந்த முகப்பூச்சை டிக்டாக்கில் விற்றுவிட்டுத் தொழில்முனைவர் என்று சொல்லிக்கொள்பவர்களை என் முன்னால் கொண்டுவராதே. அது தொழிலே இல்லை, விஷம்.

பெற்றோரே, மருத்துவம் கிடைக்கவில்லை என்று பிள்ளையைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். வேதிப்பொறியியல் எடுக்கிறேன் என்றால் "ஆலை வேலையா?" என்று முகம் சுளிக்காதீர்கள். ஆலையில் உழைத்துத்தானே அந்தப் பிள்ளையை வளர்த்தீர்கள்!

உன் அப்பாவோ மாமாவோ இன்று இரவு ஷிப்ட் முடித்து வருவார். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்: "உங்க பிளான்ட்ல தினமும் எது தொல்லை குடுக்குதுப்பா?" சொல்லச் சொல்ல எழுதிக்கொள். திங்கட்கிழமை போர்ட் கிள்ளானில் கொமுட்டர் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் சிரம்பான் பக்கம் போகும் ரயிலுக்கு மாறு. செர்டாங் நிலையத்தில் இறங்கினால் புத்ரா பல்கலைக்கழகம் பக்கம். இன்னும் கொஞ்சம் போனால் யு.கே.எம். நிலையம், அங்கிருந்து பாங்கி. விரிவுரையாளர் கதவைத் தட்டி, "டாக்டர், எங்கப்பா வேலை பார்க்கிற ஆலையில் இப்படி ஒரு பிரச்சினை" என்று தொடங்கு.