யாருடைய தன்னலம்?

குன்னூர் மலைச்சரிவிலே ஒரு மாலை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என்று எழுதலாம். சுற்றுலா வருவோர் அப்படித்தான் எழுதுகின்றனர். அந்தக் கம்பளத்தை நாள்தோறும் விரல் நோகக் கிள்ளியெடுப்பவள் ஒரு பெண் என்று எழுதுவோர் மிகச் சிலர். இரண்டு இலை, ஒரு மொட்டு! காலை முதல் மாலை வரை அதைக் கிள்ளி, முதுகுப் பையை நிறைத்து, நிறுவையிலே கொட்டிவிட்டு, வீடு திரும்பி அடுப்பை மூட்டுகிறாள். அப்படிப்பட்ட ஒரு லைன் வீட்டில்தான், தோழர்களே, அன்றிரவு நான் தங்கினேன். அங்கேதான் ஒரு தத்துவம், வாசற்படி இடறி விழுந்ததைக் கண்டேன்.

வீட்டுக்காரர் நமது தோழர். தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டும் பிரிவில் வேலை பார்ப்பவர். பள்ளிப் படிப்பு பத்தாவதோடு நின்றது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. இங்கர்சால், ரசல், பெரியார் என்று அலமாரி நிறைய நூல்கள். அவருக்கு அண்மையிலே பிடித்துப்போனது ஒரு கொள்கை: பகுத்தறிவோடு கூடிய தன்னலமே அறத்தின் அடிப்படை. 'இதை என் துணைவிக்கு எப்படி விளங்க வைப்பது? எதைச் சொன்னாலும் ஐயப்படுகிறாள். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்' என்று கேட்டார்.

கொள்கை புதிதல்ல. மணிமேகலையில் சமயக் கணக்கர் வரிசையிலே பூதவாதி வந்து நின்று, கண்ணால் காணும் உலகைத் தவிர வேறில்லை என்கிறான். உலகாயதர் எழுதியவை பெரும்பாலும் அழிந்தன. அவர்களைத் திட்டியவர்களின் ஏடுகளிலேதான் அவர்கள் பேச்சு மிஞ்சியிருக்கிறது. கிரேக்க நாட்டிலே எபிகூரஸ், துன்பமற்ற அமைதியான வாழ்வே மனிதன் நாடத்தக்கது என்று கற்பித்தான். ஏதென்ஸ் நகரில் அவன் கற்பித்த இடத்துக்குப் பெயரே தோட்டம்! அந்தத் தோட்டத்திலே பெண்களும் அடிமைகளும்கூட உடனமர்ந்து உரையாடினர். அங்கே கங்காணி இல்லை! பின்னர் பெந்தாம் வந்தார், மில் வந்தார். அயன் ராண்ட் என்ற அம்மையார் 1964ஆம் ஆண்டு தன்னலத்தையே நற்பண்பாக்கி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய கதைகளிலே நாயகர், நாயகியராக வருவோர் இரும்பாலை அதிபர், இரயில் நிறுவனம் நடத்தும் சீமாட்டி, கட்டடக் கலைஞர் ஆகியோர். கொழுந்து பறிப்பவளை அங்கே தேடினால் கிடைக்கமாட்டாள்.

ஆனாலும் இந்தக் கொள்கையிலே நமக்குச் சுவை இருப்பதற்குக் காரணம் உண்டு. 'உனக்கென்று வாழாதே' என்று உபதேசித்தவன் யார், யாருக்கு உபதேசித்தான் என்று பாருங்கள். பட்டு உடுத்தவன் கந்தை உடுத்தியவனுக்கு உபதேசித்தான். ஆண் பெண்ணுக்கு உபதேசித்தான். மெழுகுவத்தியாய் உருகு என்றான். அந்த வெளிச்சத்திலே அமர்ந்து தன் கணக்கைத் தான் எழுதிக்கொண்டான். தியாகம் என்ற சொல்லைக் கேட்டவுடன், வரவு யார் பக்கம் என்று பார்ப்பதே பகுத்தறிவாளனுக்கு அழகு. இதிலே எனக்கும் தோழருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

சண்டை எங்கே தொடங்கியது? தீபாவளிக்கு முன் வந்த போனசிலே தொடங்கியது. அம்மையாருக்குக் கிடைத்த போனசிலிருந்து மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கொடுத்திருக்கிறார். தோழர் பொறுக்கவில்லை. 'கல்லுக்குக் கொட்டுவது உன் நலத்துக்கு உகந்ததா? கணக்குப் பார்!' என்று கண்டித்தார். அம்மையார் மறுமொழி கூறவில்லை. நான் போன அன்றுதான் கூறினார். தேநீர்க் குவளையை என் முன் வைத்துவிட்டு, அடுப்படியோரம் அமர்ந்தபடியே பேசினார்.

'அண்ணா, இவர் சொல்வது எனக்கு விளங்காமல் இல்லை. அவரவர் நலத்தை அவரவர் பார்க்க வேண்டும் என்கிறார். சரி. என் நலத்தை நான் பார்க்க வேண்டுமா, இவர் பார்த்து எனக்குச் சொல்வாரா?'

தோழர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மையார் விடவில்லை.

'போன ஆண்டுக்கு முந்திய மழைக்காலத்திலே சரிவிலே வழுக்கிக் கால் முறிந்தது. என்னைக் கம்பளியிலே கிடத்தி, சாலை வரைக்கும் தூக்கி வந்தவர்கள் என் நிரையிலே கொழுந்து பறிக்கிற பெண்கள். ஆறு வாரம் முறை வைத்துக்கொண்டு வந்து தண்ணீர் எடுத்தார்கள், பிள்ளைக்குச் சோறு வடித்தார்கள். எங்கள் சீட்டும் அவர்களோடுதான், திருவிழா வரியும் அவர்களோடுதான். அந்த வரியை நான் சாமிக்குக் கொடுத்ததாக இவர் நினைக்கிறார். நான் அவர்களுக்குக் கொடுத்தேன்.'

நான் விடலாமா? பகுத்தறிவாளன் ஆயிற்றே! 'தங்கச்சி, அந்தப் பெண்களுக்கென்றால் நேரே அவர்களுக்கே கொடுக்கலாமே? பூசாரிக்கும் ஒலிபெருக்கிக்கும் போவது யாருக்கு நலம்?' என்று கேட்டேன். அம்மையார் சிரித்தார். 'அதைத்தான் நாங்களும் கேட்டோம், அண்ணா. ஒலிபெருக்கிப் பணத்தை நிறுத்தி இரண்டு ஆண்டாகிறது. அதிலே பிள்ளை பெற்றவர்களுக்குக் கம்பளி வாங்குகிறோம். இவரிடம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வேன்!'

தோழர் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு ஒன்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல விடையில்லை. 'நாலு மணிக்கு எழுகிறேன். தண்ணீர், சோறு, பிள்ளை. ஏழரைக்குள் காட்டிலே நிற்க வேண்டும். மாலை திரும்பினால் மறுபடியும் அதே. இவர் தன்னலம் பற்றிப் படிக்கிறது எப்போது என்று தெரியுமா? நான் பாத்திரம் கழுவும்போது.'

தோழர்களே, இந்த ஒரு சொல்லிலே பெந்தாமும் ராண்டும் தள்ளாடுகின்றனர். ஒருவர் தன்னலத் தத்துவம் பேசுவதற்கு ஓய்வு வேண்டுமானால், அதே வீட்டிலே இன்னொருவர் தன்னலமற்று இருக்க வேண்டியிருக்கிறது! கணவர் சொன்ன கொள்கை பொய்யன்று. சொன்னவரின் கணக்கேட்டிலே மனைவியின் உழைப்பு வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. காற்றைப்போல, மழையைப்போல இலவசம்! அப்படி எழுதப்பட்ட கணக்கை, அந்த மழையே வந்து படித்து ஒப்பமிட வேண்டுமென்றால் எப்படி?

இந்த இடத்திலே நம் இயக்க வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டியே ஆகவேண்டும். நாகம்மையார் பெரியாரை மணந்தது 1898ஆம் ஆண்டு. அப்போது அம்மையாருக்கு வயது 13. வைதிகம் நிறைந்த வீடு; விரதமும் கோயிலும் பழக்கம். கணவரோ கடவுளைக் கேள்வி கேட்பவர். துணைவியை மாற்ற அவர் என்னென்ன செய்தார் என்பதை வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கோயிலுக்குப் போன இடத்திலே நண்பர்களை ஏவிவிட்டுக் கேலி செய்யச் சொல்லி, அம்மையார் அஞ்சிக் கோயிலுக்குப் போவதையே விட்டது ஒரு கதை. கணவன் ஊரிலிருக்கும்போது தாலி எதற்கு என்று சொல்லி, இரவிலே அதைக் கழற்ற வைத்தது மற்றொரு கதை. மேடையிலே இவற்றைச் சொன்னால் கைதட்டல் பிறக்கும். நானும் தட்டியவன்தான்.

அன்றிரவு அந்த லைன் வீட்டிலே படுத்திருந்தபோது இந்தக் கதைகள் வேறு விதமாகக் காதிலே விழுந்தன. இவற்றிலே எங்கே வாதம்? வேடிக்கையிலே விளைந்த மாற்றத்தை அறிவிலே விளைந்த மாற்றம் என்று சொல்லலாமா? நாகம்மையாரை உண்மையிலே மாற்றியது எது? 1921ஆம் ஆண்டு ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலிலே கண்ணம்மாளோடு முன்னே நின்றார். 1924ஆம் ஆண்டு வைக்கத்திலே, மனிதர் நடக்கும் தெருவிலே மனிதர் நடக்கக் கூடாது என்ற கொடுமைக்கு எதிராகப் பெண்களைத் திரட்டிக்கொண்டு நின்றார். கேலி செய்யப்பட்ட பெண் கோயிலைத்தான் விட்டிருப்பார். தானே ஒன்றைத் தீர்மானித்து, அதன் துன்பத்தையும் ஏற்ற பெண்தான் வைக்கத்திலே நிற்க முடியும். அந்தப் படியிலே அவரை ஏற்றியது போராட்டமும் பொறுப்பும் என்றே நான் கருதுகிறேன்.

அம்மையார் 1933ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் மறைந்தார். மே 14ஆம் நாள் குடி அரசு ஏட்டிலே பெரியார் எழுதிய இரங்கலுரையை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். பெண்களுக்கு எந்த விடுதலையைத் தாம் ஊர் ஊராகப் பேசினாரோ, அதிலே நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தம் வீட்டிலே நாகம்மைக்கு நடைமுறையாக்கவில்லை என்று அவரே ஒளிக்காமல் எழுதினார். எந்த மடாதிபதி இப்படி எழுதியிருக்கிறார்? தம் குற்றத்தைத் தாமே அச்சேற்றும் துணிவு அவருக்கிருந்தது. அந்தத் துணிவைப் புகழ்ந்துவிட்டு, அவர் ஒப்புக்கொண்ட குறையை மட்டும் நாம் வீட்டிலே கடைப்பிடித்து வருகிறோம்!

வேறொரு வழியும் உண்டு. 1851ஆம் ஆண்டு ஜான் ஸ்டூவர்ட் மில், ஹாரியட் டெய்லரை மணந்தபோது, மனைவியின் உடைமை மீதும் அவர் மீதும் கணவனுக்கு இங்கிலாந்துச் சட்டம் அன்று கொடுத்த அதிகாரங்களைத் தாம் ஏற்கவில்லை என்று எழுதி வைத்தார். அந்த அறிக்கைக்குச் சட்ட வலிமை இல்லை. அது அவருக்கும் தெரியும். என்றாலும், தத்துவத்தைத் துணைவிக்குப் போதிக்குமுன் அதன் விலையைத் தாம் செலுத்தினார். நமது தோழரின் திருமணம் சுயமரியாதைத் திருமணம். 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் செல்லுபடியாகும் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு இருக்க வேண்டுமே? இரண்டு தரப்பின் நலத்தையும் ஒரு தரப்பே கணக்கிட்டால் அதற்குப் பெயர் வேறு.

மலையிலே இந்தக் கேள்வி வீட்டுக்குள் மட்டும் இல்லை. அம்மையாரின் தாயார் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். ஆக 9,75,000 மக்கள்! அவர்களை அழைத்து, 'உங்கள் நலம் எது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?' என்று கேட்ட பின் எழுதிய ஒப்பந்தமல்ல அது. வந்தவர்களுக்கு வேலை தர 1968ஆம் ஆண்டு தமிழக அரசு நீலகிரியிலே தேயிலை நட்டது. 1976ஆம் ஆண்டு அது டான்டீ என்ற நிறுவனமாயிற்று. நட்டது நன்மை, மறுக்கவில்லை. ஆனால் 'உன் நலத்தை நான் அறிவேன்' என்ற சொல்லை அந்தக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் கேட்டிருக்கின்றன. துரை சொன்னான், அரசு சொன்னது, சங்கத் தலைவர் சொன்னார். இப்போது கணவர் நூலைக் கையிலே வைத்துக்கொண்டு சொல்கிறார். ஐயப்படாமல் என்ன செய்வாள்?

தம் நலத்தைத் தாமே கணக்கிட்ட பெண்களைப் பார்க்க வேண்டுமானால் மலைத்தொடரின் தெற்கே மூணாறு வரை போகவேண்டும். 2015ஆம் ஆண்டு செப்டம்பரிலே, போனஸ் குறைந்தது கண்டு, தமிழ் பேசும் கொழுந்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவிலே அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகே வரவிடவில்லை. ஆண்களைப் பின்னே நிற்கச் சொன்னார்கள். 20 விழுக்காடு கேட்டார்கள், பெற்றார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர். எபிகூரஸ் யார் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. ஒருத்தியின் நலம் பக்கத்து நிரையிலே நிற்பவளின் நலத்தோடு பின்னிக் கிடக்கிறது என்பது அவர்கள் முதுகுப் பையிலே கண்ட உண்மை.

இதனால் மாரியம்மன் வரி சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. பூசாரிக்குப் போகும் பங்கு வீண் என்பதே என் கருத்து. அம்மையாரிடமும் அதையே சொன்னேன். 'பார்ப்போம்' என்றார். சுவரிலே மாரியம்மன் படம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார். இரவோடு இரவாக அதைக் கழற்றிவிடலாமா என்று தோழர் என்னிடம் மெல்லக் கேட்டார். கூடாது என்றேன். 'பிறகு எத்தனை ஆண்டு காத்திருப்பது?' என்றார். தெரியாது என்றேன். காத்திருக்கும் நாளிலே பாத்திரம் கழுவலாமே என்றும் சொன்னேன்; அதை அவர் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

சென்ற திங்கள் கடிதம் வந்தது. இருவரும் ஒரே நோட்டிலே வரவு செலவு எழுதத் தொடங்கியிருக்கிறார்களாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டை விட்டுவிட வேண்டும். அதற்குள் இரண்டு சென்ட் மனை வாங்க வேண்டும் என்பது அம்மையாரின் திட்டம், கால் முறிந்து படுத்திருந்த நாளிலேயே போட்டதாம். நோட்டுத் தொடங்கிய மூன்றாம் நாள், வீட்டிலுள்ள தாள்களையெல்லாம் எடுத்துப் பார்க்கலாம் என்றாராம். தோழரின் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் வெளியே வந்தது. திருமணத்துக்கு முன் எடுத்தது. நாமினி என்ற இடத்திலே இன்னும் அவருடைய அண்ணன் பெயர்தான் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக் குன்னூருக்குப் போய் மாற்றிவிட்டு வருவதாக எழுதியிருக்கிறார்.