பிள்ளையின் பெயரும் ஓர் அமானிதமே

சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவில் கல்வி உதவித்தொகைக்காகப் பிள்ளைகளின் ஆதார் நகல்களைச் சேகரித்தோம். வேலை சுலபமாகட்டும் என்றெண்ணி அவற்றையெல்லாம் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானே போட்டுவிட்டேன். மறுநாள் ஒரு மாணவனின் தாயார் வாசலில் நின்று கேட்டார்: "ஹஜ்ரத், நான் உங்க கையிலதானே கொடுத்தேன்? இப்ப ஊரே பார்க்குதே!" என்னிடம் பதில் இல்லை. உடனே அழித்தேன், அதற்குள் எத்தனை கைப்பேசிகளில் பதிவாயிற்றோ, அல்லாஹ்வே அறிவான்.

சகோதரர்களே! பணப்பையை அமானிதமாகத் தந்தால் இரவெல்லாம் விழித்துக் காக்கிறோம். பெயரும் பிறந்த தேதியும் பணமல்லவே என்று அலட்சியமாயிருக்கிறோம். பிறருடைய அடையாளத்தைக் களவாடிப் பயன்படுத்துவோருக்கு நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பெரியவர்கள் வங்கிக்குப் போகும்போதாவது மோசடி வெளிப்படும். பிள்ளையோ வளர்ந்து கடனுக்கோ வேலைக்கோ போகும் நாள்வரை அறியாது.

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டுமென்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இக்கடமை நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

சரி, சம்மதிக்கும் தகப்பன் அவ்விவரங்களுக்குச் சொந்தக்காரனா? ஃபிக்ஹில் அவன் பிள்ளையின் சொத்துக்கு வலீ மட்டுமே. பிள்ளைக்கு நன்மையானதைச் செய்யலாம். அதிலிருந்து ஒரு காசைக்கூடப் பிறருக்கு அன்பளிப்பாகத் தர அவனுக்கு அதிகாரமில்லை. யத்தீம்கள் பருவமடைந்து, அவர்களிடம் அறிவுத் தெளிவும் தென்பட்டால், சாட்சி வைத்துச் சொத்தை ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 6-வது வசனம் கட்டளையிடுகிறது. போன பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். பிறந்த தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா?

2019-ல் ஆதார் சட்டத்தில் செய்த திருத்தம் ஒன்று இந்த வசனத்தை நினைவூட்டுகிறது. சிறுவயதில் பதியப்பட்டவர், 18 வயது நிரம்பிய 6 மாதத்துக்குள் தம் ஆதாரை ரத்துச் செய்யக் கோரலாம். எத்தனை வீடுகளில் பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

"குர்ஆன் ஓதி முடித்த பிள்ளையின் படத்தைப் போடுவதும் கூடாதா?" என்று வாலிபர் சிலர் கோபிக்கிறார்கள். மகிழ்ச்சியை நான் தடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பெயர், பிறந்த நாள், வீட்டுத் தெரு எல்லாவற்றையும் சேர்த்துப் போடுவதில் பிள்ளைக்கு என்ன நன்மை என்றே கேட்கிறேன்.

அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். நகல்கள் இப்போது பீரோவில் பூட்டியிருக்கின்றன. வேலை முடிந்ததும் அந்தந்த வீட்டுக்கே திரும்பிப் போகும்.