திருத்திய கை

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் ஆலயத்துக்கும் காமாட்சியம்மன் ஆலயத்துக்கும் நடுவே அமைந்த குமரகோட்டத்தில் அர்ச்சகராயிருந்த கச்சியப்ப சிவாசாரியார், நாள்தோறும் நூறு செய்யுட்கள் இயற்றி, ஏட்டை இரவில் முருகன் திருவடியில் வைத்துச் செல்வாரென்றும், காலையில் கதவு திறக்கையில் அதில் பிழைகள் திருத்தப்பட்டிருக்குமென்றும், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய கந்தபுராணம் இவ்வாறே உருவாயிற்றென்றும் கர்ண பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்.

இதில் என் சிந்தையைக் கவர்வது அற்புதமன்று. புராணம் முழுவதையும் தானே அருளியிருக்கக்கூடிய சர்வக்ஞன், பக்தன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே எழுத்தாணியைத் தொட்டான் என்பதுதான். நம் வீடுகளிலோ, தறியோசைக்கிடையே தார் சுற்றியபடி மகனின் கணக்கை எட்டிப் பார்க்கும் தாய், கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் அவன் சற்றே தயங்கினால், விடையைச் சொல்லிவிடுகிறாள். இல்லையேல் தலையில் குட்டுகிறாள். ஒருவனுடைய கர்மத்தை மற்றொருவன் செய்து தீர்க்க இயலாதென்று நம்பும் நாம், வீட்டுப்பாடத்துக்கு மட்டும் விலக்கு அளிப்பது விசித்திரமே.

1, 2ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டது. மூத்த பிள்ளைகள் எழுதி முடித்தபின், பிழையின் கீழ் மெல்லிய பென்சில் கோடு ஒன்று போதும், திருத்தம் அவர்களுடையதாகட்டும்.

பிரணவப் பொருளறியாத பிரம்மனைக் குட்டிச் சிறையிலிட்டவனும் இதே குமரன்தானே என்று அந்தத் தாய் கேட்கலாம். கேட்கட்டும், அங்கே குட்டுப்பட்டவன் சிருஷ்டிகர்த்தா என்ற அகந்தை கொண்டவன், இங்கே இருப்பவனோ மூன்றாம் வகுப்பு மாணவன்.