ஏட்டுச் சுரைக்காயும் எண்ணெய்க் கணக்கும்

அளவில் குறைப்பது தவறு என்பதை வணிகப் பெருமக்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தராசைப் பிடித்துப் பிழைத்து வந்தவர்கள் நாம். ஆனால் அதைவிட நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு வியாபாரி சொன்ன அளவு பொய்யன்று. முறைப்படி சோதித்துப் பெற்றதுதான். எனினும், வாங்குபவருக்கு அந்த அளவு கிடைக்கப் போவதில்லை என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். இவர் உண்மை சொன்னவரா, அளவில் குறைத்தவரா?

இக்கேள்வியை இன்று மோட்டார் வண்டிகள் நம் முன் கொண்டுவந்து வைத்திருக்கின்றன. பழைய வண்டியை மாற்றும் வேளையில், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டியா, முழு மின்சார வண்டியா, ஹைட்ரஜன் வண்டியா என்று நம்மவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர், இத்தனை யூனிட் என்று ஒவ்வொன்றின் விற்பனைத் தாளிலும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அது கடைத்தெருவில் ஓட்டி எடுத்த எண் அன்று. சோதனைக் கூடத்தில் உருளைகளின்மேல் சக்கரங்களை நிறுத்தி, குறித்த வேகத்தில் குறித்த நேரம் ஓடவிட்டு எடுத்தது. ஐரோப்பாவில் 2017 வரை நடப்பிலிருந்த சோதனை 20 நிமிடத்தில் முடிந்துவிடும். தூரமோ 11 கிலோமீட்டர்தான். குளிர்சாதனம் நிறுத்தப்பட்டிருக்கும். நம் நாட்டு வெயிலில் அப்படி ஓட்டுபவர் யார்?

2001-ஆம் ஆண்டில் ஏட்டு எண்ணுக்கும் சாலைக் கணக்குக்கும் இருந்த வித்தியாசம் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே. 2015 வாக்கில் அது நூற்றுக்கு நாற்பதாக வளர்ந்துவிட்டது. இதற்குப் பெருங்காரணம், தயாரிப்பாளர்கள் பரீட்சையை நன்றாகப் படித்துக்கொண்டதுதான். வரப்போகும் கேள்விகளை மட்டும் உருப்போட்டு முதல் மார்க்கு வாங்கும் பையன் காப்பி அடித்தவன் அல்லன்; ஆனால் அவனுக்குப் பாடம் தெரியும் என்றும் சொல்ல முடியாது.

அப்பட்டமான மோசடியும் நடந்திருக்கிறது. வண்டி உருளும்போது உண்டாகும் தடையைக் குறைத்துக் காட்டி, ஏறத்தாழ 6,25,000 சிறு வண்டிகளுக்குத் தவறான கணக்குக் கொடுத்ததை ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 2016-இல் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் ஹியுண்டாய், கியா நிறுவனங்கள் 2012-இல் சுமார் ஒன்பது லட்சம் வண்டிகளின் எண்ணைக் குறைத்து எழுதவும், வாங்கியவர்களுக்கு ஈடு கொடுக்கவும் நேர்ந்தது. இவற்றைப் பற்றி விவாதமே வேண்டாம். எடைக்கல்லைச் சுரண்டியவன் செய்த குற்றம் எல்லாருக்கும் விளங்கும். நம் கேள்வி கல்லைச் சுரண்டாதவரைப் பற்றியது.

மின்சாரக் கம்பியில் செருகி ஏற்றிக்கொள்ளும் ஹைப்ரிட் வண்டியை எடுத்துக்கொள்வோம். 2021-இல் பதிவான வண்டிகளுக்குள்ளேயே பொருத்தப்பட்ட மீட்டர்களைக் கொண்டு எடுத்த கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டது. சாதாரணப் பெட்ரோல், டீசல் வண்டிகள் ஏட்டு எண்ணைவிட நூற்றுக்குச் சுமார் 20 அதிகம் புகை விட்டன. செருகும் ஹைப்ரிட் வண்டிகளோ மூன்றரை மடங்கு விட்டன! காரணம் எளிது. வண்டியை அடிக்கடி செருகி மின்சாரம் ஏற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏட்டுக் கணக்கைப் போட்டார்கள். வாங்கியவர்களில் பலர் அந்த அளவுக்குச் செருகவில்லை. இங்கே குறை விற்றவரிடம் மட்டும் இல்லை. வாங்கியவருக்கும் அதில் பங்குண்டு. மருந்தைக் குடிக்காமல் வைத்தியரைக் குறை சொல்வது முறையாகாது. ஆயினும், நோயாளிகள் பெரும்பாலும் குடிக்கமாட்டார்கள் என்று அறிந்தும் அதையே விற்பவரை என்னவென்று சொல்வது?

நம் பக்கத்திலேயே நடந்த ஒன்றைப் பாருங்கள். 2016-இல் சிங்கப்பூருக்கு வந்த ஒரு பழைய டெஸ்லா மின்சார வண்டியை நிலப் போக்குவரத்து ஆணையம் சோதித்தபோது, கிலோமீட்டருக்கு 444 வாட் மணி செலவாகிறது என்று கணக்கு வந்தது. மின் நிலையத்தில் ஒரு வாட் மணிக்கு அரை கிராம் கரியமில வாயு என்று பெருக்கி, 222 கிராம் என்று முடிவு கட்டி, உரிமையாளருக்கு 15,000 வெள்ளி கூடுதல் வரி விதித்தார்கள். அவ்வண்டி இரண்டாண்டுக்கு முன் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதன் அளவு 181 தான் என்றது நிறுவனம். வண்டி ஒன்று, அளவு இரண்டு. நடுவில் நின்றவர் வாங்கியவர். யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால் மின்சார வண்டிக்குப் புகைக்குழாய் இல்லாவிட்டாலும் மின் நிலையத்துக்கு உண்டு என்னும் நியாயத்தை மறுக்க முடியாது. அளவுகோலை எந்த இடத்தில் வைக்கிறோமோ அதற்கேற்ப எண்ணும் மாறுகிறது.

ஹைட்ரஜன் வண்டியிலும் இதே விஷயந்தான். அதன் பின்பக்கம் வெளிவருவது தண்ணீர்தான் என்பது மெய். ஒரு கிலோ ஹைட்ரஜனில் நூறு கிலோமீட்டர் போகலாம் என்பதும் ஏறக்குறைய மெய். ஆனால் தண்ணீரைப் பிரித்து அந்த ஒரு கிலோவை உண்டாக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை அழுத்தி அடைக்க மேலும் வேண்டும். அதே தூரத்தை மின்சார வண்டி 15 முதல் 20 யூனிட்டில் கடந்துவிடும். மின்சாரம் ஏற்றும்போது பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஹைட்ரஜன் இரண்டு மூன்று மடங்கு தின்கிறது. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம் என்பது அதன் நன்மை. அந்த நன்மைக்குக் கொடுக்கும் விலையையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

‘எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுக்க ஒரு சோதனை வேண்டாமா? ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் ஓட்டம் மாறும்போது எல்லாருக்கும் பொருந்தும் எண்ணை யார் தர முடியும்?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு வண்டிகளை ஒப்பிடச் சோதனை எண் அவசியமே. ஆனால் ஒப்பிடுவதற்கு என்று கொடுத்த எண்ணை வாக்குறுதியாக்கி விற்கும்போதுதான் தவறு பிறக்கிறது.

நம் ஜவுளிக் கடைகளையே நினைத்துப் பாருங்கள். துணியை இரண்டரை மீட்டர் சரியாக அளந்து கொடுக்கிறோம். நனைத்தால் அது சுருங்கும் என்று நமக்குத் தெரியும். ‘தைக்குமுன் நனைத்துவிடுங்கள், கால் மீட்டர் கூட எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிக் கொடுப்பவரும் உண்டு. வாயைத் திறக்காமல் காசை வாங்கிப் போடுபவரும் உண்டு. இருவருடைய அளவுகோலும் ஒன்றே. ஆனால் முதலாமவர் கடைக்கு வாடிக்கையாளர் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வருவார். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதும் குறைத்து அளந்ததில் சேரும் என்பதே நம் முடிவு. வாங்குபவருக்குத் தெரியாததும் நமக்குத் தெரிந்ததுமான செய்தி நம் கையில் இருக்கும் அமானிதம்.

ஆகையால், வண்டி வாங்கப் போகும் அன்பர்கள் மூன்று காரியம் செய்யட்டும். தாளில் உள்ள எண் எந்தச் சோதனையில் வந்தது என்று கேட்கட்டும். தம் ஓட்டம் எத்தகையது என்று பார்க்கட்டும்: பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை ஹைப்ரிட் வண்டி மீட்டுக்கொள்வதால், நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் அதன் சிக்கனம் தெரியும், நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் அந்த லாபம் சுருங்கிவிடும். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காவதால், மின்சார வண்டியும் அங்கே அதிகம் தின்னும். மூன்றாவதாக, வாங்கிய பின் மூன்று மாதம் சொந்தக் கணக்கு எழுதட்டும். முழுத்தொட்டி எண்ணெய் போட்டுக் கிலோமீட்டரைக் குறிக்கட்டும். மின்சாரமானால் சுவர் மீட்டரைப் பார்க்கட்டும், வண்டியின் கண்ணாடித் திரையை அன்று.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வண்டிக்காரரிடம் இதைக் கேட்கப் புறப்படுமுன், நம் அலமாரியில் அடுக்கியிருக்கும் சாமான்களிலும் எதற்கெல்லாம் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கும் சங்கதி உண்டு என்று நாம் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.