தவறுக்கும் கூலியா?

சிகிச்சைக்குக் கூலி கொடுப்பது நியாயம். சிகிச்சையின்போது இழைக்கப்பட்ட தீங்கைத் துடைப்பதற்கும் கூலி கொடுக்க வேண்டுமா? கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது போலத் தோன்றும் கேள்விதான். ஆயினும் அமெரிக்கா போன்றதொரு செல்வந்த நாட்டில்கூட 2000களின் நடுப்பகுதி வரையில் இதற்கு நடைமுறையில் கிடைத்து வந்த விடை பெரும்பாலும் 'ஆம்' என்பதாகவே இருந்தது. நோயாளியின் வயிற்றினுள் துணிப்பஞ்சை வைத்துத் தைத்துவிட்ட வைத்தியசாலை, அதை வெளியே எடுக்கும் இரண்டாவது சத்திரசிகிச்சைக்கும் பில் அனுப்பலாம். காப்புறுதித் திட்டம் அதைச் செலுத்தும்.

எனது உறவினர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து தனியார் வைத்தியசாலையொன்றில் மூன்று வாரங்கள் கிடந்தார். புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லாமல் முதுகில் புண் வந்தது. வீடு திரும்பும் நாளில் நீட்டப்பட்ட பில்லில் அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டிய செலவு தனி வரியாக இருந்தது. "மாமா, இவங்கட கவனயீனத்தால வந்த புண்ணுக்கும் நாமளா சல்லி கட்டணும்?" என்று கேட்டான் கூட வந்திருந்த மருமகன். காசாளராக இருந்த பிள்ளையிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. பின்னர் காப்புறுதி நிறுவனம் தன் பங்கை மறுபேச்சின்றிக் கொடுத்தது. அந்த 'மறுபேச்சின்றி' என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. பணம் கொடுப்பவன் வெறும் பணப்பைதானா? அவனுக்குக் கேட்கும் கடமை இல்லையா?

நமது அரச வைத்தியசாலைகளில் பில் என்ற ஒன்று இல்லை. அங்கு பணம் கொடுப்பதும் அரசு, பராமரிப்பதும் அரசு. ஆகவே இக்கேள்வியை அதன் முழு உருவில் பார்ப்பதற்கு, கொடுப்பவரும் பராமரிப்பவரும் வேறு வேறாக நிற்கும் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டியிருக்கின்றது.

அங்கு 1999இல் மருத்துவக் கழகம் என்ற அறிஞர் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, வைத்தியசாலைகளில் நேரும் தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையிலானோர் இறப்பதாக மதிப்பிட்டது. எண்ணிக்கை பற்றிய சர்ச்சை இன்றும் ஓயவில்லை. ஆனால் அதன் பின்னர் பணம் கொடுப்பவர்களால் மௌனமாக இருக்க முடியாமற் போயிற்று. முதியோருக்கான அரச காப்புறுதித் திட்டமாகிய மெடிக்கெயார், 2008 ஒக்டோபர் 1 முதல் சில தீங்குகளுக்கு மேலதிகப் பணம் தரமாட்டோம் என்று அறிவித்தது. உடலினுள் விடப்பட்ட பொருள், மாற்றி ஏற்றப்பட்ட இரத்தம், ஆழமான படுக்கைப் புண், வைத்தியசாலையில் விழுந்து ஏற்பட்ட முறிவு, சிறுநீர்க் குழாயால் வந்த தொற்று என்பன அப்பட்டியலில் இருந்தன. அந்தச் செலவை நோயாளியின் தலையில் கட்டவும் கூடாது என்பது நிபந்தனை. என் மருமகனின் கேள்விக்கு ஓர் அரசு சட்டத்தின் மூலமாகவே விடை சொல்லிவிட்டது.

இந்த எண்ணம் புதியதல்ல. சந்தையையும் தொழில்களையும் கண்காணித்த முஹ்தஸிபுக்காக ஷைஸரி, இப்னுல் உகுவ்வா போன்றோர் எழுதிய ஹிஸ்பாக் கைநூல்களில் வைத்தியருக்கும் இடமுண்டு. வைத்தியர் தாம் கொடுத்த மருந்துகளை எழுதி, அதன் பிரதியொன்றை நோயாளியின் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். நோயாளி குணமடைந்தால் அவருக்குக் கூலி. இறந்துவிட்டால் வீட்டார் அந்தப் பிரதிகளைத் தலைமை வைத்தியரிடம் கொண்டு போவார்கள். வைத்தியரிடம் குறையில்லையென்றால் அவர் அதைச் சொல்வார். அலட்சியம் இருந்ததென்றால் இரத்த ஈட்டுத்தொகையை வாங்கிக்கொள்ளச் சொல்வார். இதைப் படிப்பவர்கள் கூலியையும் ஈட்டுத்தொகையையுமே கவனிப்பார்கள். எனக்கோ அந்தப் பிரதிதான் பெரிதாகப் படுகின்றது. நடந்தது என்னவென்று மூன்றாம் மனிதர் ஒருவர் பார்க்கக்கூடியதாக அது எழுத்தில் இருக்கின்றது. தண்டனை அதற்குப் பிறகுதான் வருகின்றது.

மெடிக்கெயாரின் மறுப்பு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நியாயமானது என்பதனாலேயே அது அடுத்த நோயாளியைக் காப்பாற்றிவிடுமா? 2012இல் வெளியான ஓர் ஆய்வு 398 வைத்தியசாலைகளின் தொற்று விபரங்களை எடுத்து, அந்த விதிக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பார்த்தது. தொற்று ஏற்கனவே குறைந்து கொண்டுதான் வந்திருந்தது. விதி வந்த பின்னர் அந்தக் குறைவில் எந்த வேகமும் கூடவில்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பில்லில் ஒரு வரி வெட்டப்படுவதை அறிபவர் கணக்காளர். நோயாளியின் கழுத்து நரம்பில் குழாயைச் செருகுபவரோ இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நிற்கும் இளம் வைத்தியர். இவ்விருவருக்கும் இடையில் நாலைந்து மாடிகளும் நாலைந்து மாதங்களும் இருக்கின்றன. அது மட்டுமன்று, தவறுக்குத் தண்டம் என்று சொன்னவுடன் தவறு குறையும் முன்னரே அதன் பெயர் மாறத் தொடங்கும். பதிவேட்டில் எப்படி எழுதினால் பணம் வரும் என்பதை மனிதன் கற்றுக்கொள்ள அதிக நாள் எடுப்பதில்லை.

இதே தொற்று விடயத்தில் மிஷிகன் மாநிலத்தில் நடந்தது வேறு கதை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸைச் சேர்ந்த பீட்டர் ப்ரொனோவொஸ்ட் என்ற வைத்தியர் நரம்புக் குழாய் செருகுவதற்கு ஐந்து விடயங்கள் கொண்ட சிறு பட்டியலை உருவாக்கினார். கையைக் கழுவுதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், நோயாளியை முழுமையாகத் துணியால் மூடிக் கையுறை, அங்கி அணிதல், தொடை நரம்பைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயைக் கழற்றிவிடுதல். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவைதான். புதியது என்னவென்றால், வைத்தியர் இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரம் தாதிக்கு வழங்கப்பட்டது. நமது வார்டுகளை அறிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய புரட்சி என்பது விளங்கும். ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் நிர்வாக உயரதிகாரி ஒருவர் பொறுப்பாக்கப்பட்டார். அவர்கள் கீழே இறங்கி வந்து பார்த்தபோதுதான், பெரும்பாலான பிரிவுகளில் அந்தக் குளோர்ஹெக்சிடினே இல்லை என்பது தெரிய வந்தது. 2003இல் தொடங்கிய அம்முயற்சியின் முடிவுகள் 2006இல் வெளியாகின. நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகளில், ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 ஆக இருந்த இடைநிலைத் தொற்று விகிதம் மூன்று மாதங்களில் பூச்சியமாகியிருந்தது.

இதில் காப்புறுதிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அம்மாநிலத்தின் பெரிய காப்புறுதி நிறுவனமான புளூ குரொஸ் புளூ ஷீல்ட், இத்திட்டத்தில் சேரும் வைத்தியசாலைகளுக்குச் சிறு ஊக்கத்தொகை கொடுத்தது. பெறுபேற்றுக்காக அன்று, பங்குபற்றியமைக்காக. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகின்றேன். பெறுபேற்றுக்குப் பணம் என்றால் பெறுபேற்றை ஒப்பனை செய்யத் தோன்றும். கற்றுக்கொள்வதற்குப் பணம் என்றால் தவறை மறைப்பதில் இலாபம் இல்லை.

காப்புறுதித் திட்டங்கள் தம்மையே அளந்துகொண்ட கதையும் ஒன்றுண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு பீட்டா தடுப்பு மருந்து எழுதப்படுகின்றதா என்பதை 1996 முதல் அவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பகிரங்கமாக வெளியிட்டன. அப்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கே அது கிடைத்தது. பத்தாண்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆகிவிட, இனி அளக்க எதுவுமில்லை என்று 2007இல் அந்த அளவுகோலைக் கைவிட்டார்கள். வெட்கமும் போட்டியும் செய்த வேலை இது. ஆயினும் 2024இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, இதயத்தின் இயங்குதிறன் குன்றாதவர்களுக்கு அம்மருந்தால் மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை என்றது. தரம் என்று நாம் எழுதி வைப்பதற்கும் மூப்பு உண்டு போலும்.

இனி, தண்டம் யார் தலையில் விழுகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 2012 ஒக்டோபரில் மெடிக்கெயார் மற்றொரு விதியைக் கொண்டு வந்தது. வீடு சென்ற நோயாளர் முப்பது நாட்களுக்குள் அளவுக்கு மிஞ்சித் திரும்பி வரும் வைத்தியசாலைகளுக்குக் கொடுப்பனவு வெட்டப்படும். முதலில் 1 வீதம் வரை, பின்னர் 3 வீதம் வரை. நோக்கம் நல்லதே. ஆனால் வெட்டு அதிகமாக விழுந்தது ஏழைகள் நிறைந்த பகுதிகளின் வைத்தியசாலைகள் மீது. தனியே வாழும், மருந்து வாங்க வசதியில்லாத முதியவர் திரும்பி வருவதற்கு வார்டில் நடந்த தவறுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2016இல் ஒரு சட்டம் இதை ஒப்புக்கொண்டு, ஏழை நோயாளர் கூடிய வைத்தியசாலைகளைத் தம்மையொத்த வைத்தியசாலைகளுடனேயே ஒப்பிடுமாறு பணித்தது. 2019 நிதியாண்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது.

அந்த முதியவருக்கு இன்னொரு வழியும் இருக்கின்றது. இதய வைத்தியர் எழுதியதும், மூட்டு வலிக்கு வேறொருவர் எழுதியதும், வார்டில் கொடுத்தனுப்பியதும் ஒரே இடத்தில் வந்து சேர்வது பணம் கொடுப்பவரின் மேசைக்குத்தான். ஹிஸ்பா நூல்கள் சொன்ன பிரதி இப்போது அங்கே இருக்கின்றது. சில காப்புறுதித் திட்டங்கள் அதை வைத்துக்கொண்டு, நோயாளி வீடு திரும்பிய சில நாட்களுக்குள் ஒரு தாதியை அவரிடம் அனுப்புகின்றன. தாதி மருந்துப் பெட்டியைக் கவிழ்த்து மேசையில் பரப்பி, பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கின்றார். இரண்டு வேறு பெயர்களில் ஒரே மாத்திரை இருந்தால் ஒன்றை எடுத்துத் தனியே வைக்கின்றார். பிறகு வைத்தியரைத் தொலைபேசியில் அழைக்கின்றார்.